ஏர்வாடியின் சங்கிலியும் ஏரிக்கரையின் கயிறும்

பழவேற்காட்டிலிருந்து ஏர்வாடி 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பொன்னேரி வந்து, சென்னை வந்து, இரவெல்லாம் பயணித்து இராமநாதபுரத்தில் இறங்கி, மறுபடியும் ஒரு பேருந்து ஏற வேண்டும். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையோ ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். இருந்தும், வீட்டில் ஒருவருக்கு மனம் கலங்கினால், அல்லது ஒரு பிள்ளை பேசாமலும் பிறர் முகம் பாராமலும் வளர்ந்தால், சோழமண்டலக் கரை நெடுகிலும் வாழ்ந்த நம் முன்னோர் பலரின் வாயில் முதலில் வந்த ஊர் ஏர்வாடிதான். அருகிலிருந்ததை விட்டுத் தொலைவிலிருந்ததை அவர்கள் நாடியது அறியாமையால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

கீழ்ப்பாக்கத்தின் கதை 1794இல் தொடங்குகிறது. வாலண்டைன் கொனோலி என்ற ஆங்கிலேய மருத்துவர் சென்னையில் பதினாறு பேருக்கென ஒரு பித்தர் விடுதியை அமைத்தார். 1871இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. 1922இல் மனநல மருத்துவமனை என்றும், 1978இல் மனநல மருத்துவக் கழகம் என்றும் பெயர் பெற்றது. 1961 முதல் அதன் கண்காணிப்பாளராக இருந்து, நோயாளியைப் பூட்டிவைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து அதை மீட்கப் பாடுபட்டவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். இத்தனை இருந்தும் தெருவில் அந்த ஊரின் பெயர் வசைச்சொல்லாகவே நிலைத்தது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று திரைப்படங்கள் சிரித்தன. நாமும் சேர்ந்து சிரித்தோம். அங்கே ஒரு பெண்ணைச் சேர்த்தால் அவள் தங்கைக்கு நிக்காஹ் பேச வருவோர் யார் என்ற அச்சம் குடும்பங்களுக்கு இருந்தது. ஏர்வாடிக்குப் போனாலோ அது ஸியாரத். ஊர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். மருத்துவமனையில் கிடைக்காத மானம் அங்கே கிடைத்தது.

தர்கா செல்வது மார்க்கத்தில் ஆகுமா என்ற விவாதத்துக்குள் இக்கட்டுரை நுழையவில்லை. அதைப் பேசுவதற்கு மேடைகள் நிறைய உள்ளன; மேடைகளில் பேசப்படாத ஒன்றே இங்கு நம் பொருள்.

தர்காவைச் சுற்றித் தனியார் பலர் காப்பகங்களை நடத்தினர். அவை தர்காவின் நிர்வாகத்துக்கு உட்பட்டவை அல்ல. மாதக் கட்டணம் பெற்றுக்கொண்டு நோயாளிகளை வைத்திருந்த குடில்கள். உறவினர் கொண்டுவந்து விட்டுப் போவர். சிலர் மாதந்தோறும் பணம் அனுப்புவர். சிலர் அதையும் நிறுத்திவிடுவர். ஓடிவிடாமல் இருக்கக் காலில் சங்கிலி பூட்டப்பட்டது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அத்தகைய ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்தவர்கள் தப்பினர். 25 பேர் அங்கேயே கருகி மாண்டனர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 28 ஆயிற்று. சில நாட்களிலேயே அப்பகுதியின் காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தனர். நீதிபதி இராமதாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. காப்பகத்தை நடத்தியவர்களுக்கு 2007இல் நீதிமன்றம் ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

உச்ச நீதிமன்றம் நாளேடுகளின் செய்தியைப் பார்த்துத் தானாகவே இவ்வழக்கை எடுத்துக்கொண்டது. 2002 பிப்ரவரியில் அது பிறப்பித்த ஆணை, மனநலம் குன்றியோரைச் சங்கிலியால் பிணைப்பது சட்டவிரோதம் என்பதையும், அவர்களைக் கோயில்களுக்கும் தர்காக்களுக்கும் அல்லாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பதையும் மக்களுக்கு, குறிப்பாகக் கிராமங்களுக்கு, எடுத்துச் சொல்லுமாறு அரசுகளைப் பணித்தது. ஆணை சரியானதே. எனினும், மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று ஒரு கிராமத்தவர் கேட்டால் சொல்வதற்கு அன்று பதில் அதிகம் இல்லை. குஜராத்தின் உனாவா ஊரில் உள்ள மீரா தாதார் தர்காவில் 2008 முதல் வேறொரு வழி முயலப்பட்டது. துஆவுக்கு வருவோரைத் தடுக்காமல், அதே வளாகத்தில் மருத்துவரும் அமர்ந்தார். தர்காப் பணியாளர்களே நோயாளிகளை அவரிடம் அனுப்பிவைத்தனர். 'தவா – துஆ' என்று அதற்குப் பெயர். பின்னர் ஏர்வாடியிலும் அவ்வழி பின்பற்றப்பட்டது.

இங்கே நாம் ஒன்றை நேர்மையோடு ஒப்ப வேண்டியுள்ளது. ஏர்வாடித் தீ பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், 'இஸ்லாமிய நாகரிகம் அன்றே மருத்துவமனை கட்டிய நாகரிகம்' என்று பெருமிதத்தோடு மறுமொழி கூறுவது நம் வழக்கம். அது பொய்யன்று. உமய்யாக் கலீஃபா அல்வலீத், ஹிஜ்ரி 88 அளவில், தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை வழங்கி, மக்களிடம் இரந்து திரிய வேண்டாம் என்றார். நடக்க இயலாதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் நியமித்தார். வரலாற்றாசிரியர் அத்தபரீ இதைப் பதிந்துள்ளார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மன்சூரி மருத்துவமனையின் வக்ஃபு ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே வாயிலைத் திறந்துவைத்தது. ஆனால் அதே வரலாற்றின் இன்னொரு பக்கமும் உண்டு. 1184இல் திமிஷ்கு நகரைக் கண்ட பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள மருத்துவமனையின் சிறப்பைப் புகழ்ந்த அதே இடத்தில், பித்தம் கொண்டோர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததையும் எழுதிவைத்தார். 1830களில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவுக்குச் சென்றபோது, கலாவூனின் மருத்துவமனையிலேயே மனநோயாளிகள் கழுத்துச் சங்கிலியோடு இருந்தனர். பாரிஸ் நகரின் பிசேத்ரு விடுதியில் 1797இல் சங்கிலிகளைக் கழற்றிய பூசேன், மருத்துவரல்லர். ஒரு காலத்தில் அங்கேயே நோயாளியாக இருந்து, பின் பணியாளரானவர். சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்பது சங்கிலியின் பக்கம் இருந்து பார்த்தவருக்குத்தான் எளிதில் தோன்றுகிறது.

கட்டடங்களைக் காட்டிலும் நம்மிடம் மேலான சான்றுகள் உள்ளன. அவை மூன்று சிறு நிகழ்வுகள்.

முதலாவது, வலிப்பு நோயுற்ற ஒரு கறுப்பினப் பெண்மணி. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வரும்போது ஆடை விலகிவிடுவதாகக் கூறி, துஆச் செய்யுமாறு வேண்டினார். நபியவர்கள் அவர் முன் இரண்டு வழிகளை வைத்தார்கள்: பொறுமை காத்தால் சுவனம் உண்டு, விரும்பினால் குணமடைய இறைஞ்சுவதற்கும் ஆயத்தம். முடிவை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆக் கேட்டார். நபியவர்கள் அதற்காக இறைஞ்சினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்தச் செய்தியைப் பொறுமைக்கு எடுத்துக்காட்டாகவே நாம் பெரும்பாலும் ஓதிக் கேட்டிருக்கிறோம். நோயாளியிடம் கேட்டு, அவர் சொன்னதை ஏற்று, அவர் எதை இழிவாக உணர்ந்தாரோ அதை நீக்க முனைந்த நிகழ்வு என்று இதை வாசித்தவர் குறைவு. இந்த ஹதீஸை இப்னு அப்பாஸ் (ரலி) யாரிடம் சொன்னார் என்பதும் கவனிக்கத்தக்கது. அவர் அதா பின் அபீ ரபாஹ் (ரஹ்). கால் ஊனமுற்றவர், ஒரு கண் பழுதானவர், கை செயலிழந்தவர், பிற்காலத்தில் முற்றிலும் பார்வை இழந்தவர் என்று சரித நூல்கள் அவரை வருணிக்கின்றன. மக்காவின் மாபெரும் மார்க்கச் சட்ட அறிஞரும் அவரே.

இரண்டாவது, மதீனாவில் அறிவில் ஏதோ கோளாறு இருந்த ஒரு பெண்மணி. தமக்கு ஒரு தேவை இருப்பதாக அவர் நபியவர்களிடம் கூறினார். எந்தத் தெருவில் நின்று பேச விருப்பமோ அதைத் தேர்ந்துகொள்ளுமாறு நபியவர்கள் அவரிடமே சொன்னார்கள். அவ்வாறே அவருடன் சென்று, அவர் பேசி முடிக்கும் வரை கேட்டார்கள். இதுவும் முஸ்லிமில் உள்ளது. அவருடைய தேவை என்ன என்று அறிவிப்பாளர் கூறவில்லை.

மூன்றாவதுதான் இன்றைய சட்டத்துக்கு மிக நெருக்கமானது. ஹப்பான் பின் முன்கித் (ரலி) என்ற தோழர் (சில அறிவிப்புகளில் அவர் தந்தையின் பெயர் வருகிறது) தலையில் பட்ட காயத்தால் நாவும் அறிவும் தளர்ந்து, வியாபாரத்தில் ஓயாமல் ஏமாந்தார். குடும்பத்தார் நபியவர்களிடம் வந்து, இவரைக் கொடுக்கல் வாங்கலிலிருந்து தடுத்துவிடுங்கள் என்றனர். நபியவர்கள் அவரை அழைத்துத் தடுத்தார்கள். அவரோ, வியாபாரம் செய்யாமல் என்னால் இருக்க முடியாது என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத் தடை விலகியது. ஏமாற்று கூடாது என்று ஒவ்வொரு பேரத்திலும் அவர் முன்னரே சொல்லிவிட வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் அவகாசம் உண்டு என்று ஏற்பாடாயிற்று. மாற்றுத்திறனாளிக்குப் பதிலாக முடிவெடுக்காதீர்கள், அவர் முடிவெடுக்கத் துணை நில்லுங்கள் என்று ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியா 2007இல் அதை ஏற்றது. வழக்கறிஞர்கள் பக்கம் பக்கமாக விளக்கும் அந்தக் கருத்துக்கு மதீனாவின் கடைத்தெருவில் ஓர் உருவம் கிடைத்திருந்தது.

ஃபிக்ஹு நூல்களும் இதே தடத்தில் நடந்தன. கடமையை நிறைவேற்றும் தகுதி அறிவைப் பொறுத்துக் குறையலாம்; உரிமை பெறும் தகுதியோ பிறப்போடு வருவது, எந்த நோயாலும் குறையாதது என்று அவை பிரித்துவைத்தன. பித்தம் கொண்டவரின் சொத்தைக் காக்க வலீ நியமிக்கப்படுவார். அச்சொத்திலிருந்து ஒரு திர்ஹத்துக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும். சொத்துக்கு இத்தனை காவல் வைத்த சமூகம், அந்த மனிதரின் உடலைச் சங்கிலிக்குக் கொடுத்துவிட்டு மாதக் கட்டணம் அனுப்பியது எப்படி என்ற கேள்வி நம்மை உறங்கவிடாமல் செய்ய வேண்டும்.

ஆட்டிசம் என்ற பெயர் நம் கரைக்கு மிகத் தாமதமாக வந்தது. பேசாத பிள்ளை, கையை விடாமல் அசைக்கும் பிள்ளை, தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளை ஆகிய எல்லாரும் 'கிறுக்கு', 'ஜின் சேட்டை' என்ற இரண்டு சொற்களுக்குள் அடைக்கப்பட்டனர். அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து 1943இல்தான் இந்நிலையைத் தனித்து விவரித்தார். மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். பல்லாண்டுகள் குழந்தைகளின் காவலராகப் போற்றப்பட்ட அவர், நாஜி ஆட்சியில் 700க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்ட ஷ்பீகல்கிரண்டு விடுதிக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்ததை, ஹெர்விக் செக் என்ற வரலாற்றாய்வாளர் 2018இல் ஆவணங்களோடு வெளியிட்டார். பிறகு தாய்மார்மீது பழி விழுந்தது. தாயின் அன்பு குளிர்ந்ததால் பிள்ளை இப்படி ஆனது என்று புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் நூலே எழுதினார். தானும் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லண்ட், மூன்றாண்டுகளுக்கு முன்பே அதை மறுத்திருந்தும் பழி எளிதில் நீங்கவில்லை. 'கருவுற்றிருந்தபோது மஃரிப் நேரத்தில் வெளியே போனாயா?' என்று நம் மாமியார்கள் கேட்கும் கேள்வி, பெட்டல்ஹைமின் கேள்விக்குச் சொந்தக்காரிதான்.

1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 12 குழந்தைகளைக் காட்டி, தட்டம்மைக்கான முக்கூட்டுத் தடுப்பூசியோடு ஆட்டிசத்தை இணைத்து எழுதினார். அக்குழந்தைகளின் குடலிலும் முதுகுத்தண்டிலும் தேவையற்ற சோதனைகள் நடத்தப்பட்டன என்று பிரிட்டனின் மருத்துவ மன்றம் கண்டறிந்தது. 2010இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அவருடைய மருத்துவப் பதிவும் நீக்கப்பட்டது. பேச இயலாத பிள்ளையின் உடலில் அவனுக்குப் பயனற்ற ஒன்றைச் செய்வது எவ்வளவு எளிது என்பதையே இது காட்டுகிறது. பொய்யோ சாகவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப் வதந்திகள் நம் மஹல்லாக்களையும் சுற்றிவந்தன.

இன்று பழவேற்காடு, கோட்டைக்குப்பம், ஜமீலாபாத் எங்கும் கைப்பேசி உண்டு. அதன் வழியாகப் புதிய ஏர்வாடிகள் வந்து அழைக்கின்றன. ஸ்டெம் செல் ஊசி போட்டால் பிள்ளை பேசும் என்கிறது ஒரு விளம்பரம். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது. ஜின்னை விரட்டுவதாகக் கூறிப் பிள்ளையை அடிப்பவரும் உண்டு. ருக்யா என்பது ஓதுதல், அடி அதில் இல்லை. படகையும் வலையையும் அடகு வைத்துப் பணம் கட்டும் தகப்பனிடம், இதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை, ஆனால் பேச்சுப் பயிற்சியும் செயல்வழிப் பயிற்சியும் வாழ்வை எளிதாக்கும் என்று உண்மையைச் சொல்வதே மருத்துவ அறத்தின் முதல் படி. பெயரிலேயே நாம் பிழை செய்கிறோம் என்பதும் உண்டு. அரசாணைகள் ஆட்டிசத்தைப் 'புற உலகச் சிந்தனையற்ற நிலை' என்று மொழிபெயர்க்கின்றன. ஐஸ் பெட்டி உரசும் ஓசையைக் கூடத் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் புற உலகம் எட்டவில்லையாம்! அவனுக்கு அது மிகையாக எட்டுகிறது.

சட்டம் மெல்ல மெல்ல வந்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அறிவுத்திறன் குறைபாட்டை விலக்கிவைத்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக்கியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடைசெய்தது. மருத்துவ நிறுவனங்களில் ஒருவரைக் கட்டுப்படுத்துவதானால், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், தேவையான நேரம் மட்டும், தண்டனையாகக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் கூடாது என்கிறது அச்சட்டம்.

ஆள் பற்றாக்குறை என்ற அந்தச் சொல்தான் ஏரிக்கரைக்கு வந்து நிற்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் தண்ணீரால் ஈர்க்கப்படுவர், சொல்லாமல் வெளியேறுவர், நீரில் மூழ்குவது அவர்களுக்கு நேரும் பெரும் ஆபத்துகளுள் ஒன்று. வாசலைத் திறந்தால் ஏரி என்றிருக்கும் குப்பத்தில் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவர் விடியுமுன் படகேறிவிட்டார். அவர் மீன் விற்கப் போக வேண்டும், அல்லது பனையோலை முடைந்து அன்றைய கூலியைப் பார்க்க வேண்டும். பழம்புடவையைக் கிழித்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டித் தூணில் முடிகிறார். இந்தக் கயிறும் ஏர்வாடியின் சங்கிலியும் ஒன்றா? ஒன்றல்ல என்றே நாம் கருதுகிறோம். அவர் கட்டுவது பிள்ளை உயிரோடு இருக்க. ஆனால் பிள்ளைக்கு ஆறு வயதில் கட்டிய கயிறு பதினாறு வயதிலும் இருந்தால், அது சங்கிலியாக மாறியிருக்கும். அதற்கான பழி அவர்மீது மட்டும் விழாது. மருத்துவமனைக்கு ஆள் பற்றாக்குறை காரணமாகாது என்று சட்டம் சொல்லிவிட்டது. அந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான்.

பொன்னேரி அரசு மருத்துவமனையும், திருவள்ளூரின் தொடக்கநிலைக் கண்டறிதல் மையமும், முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. கடுமையான பாதிப்புடையோருக்கு மாநில அரசு மாதம் 2000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்குகிறது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. இவற்றுக்கான தாள்களை நிரப்பி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கித் தருவதை ஜமாஅத் நிர்வாகம் நிக்காஹ் பதிவேட்டைப் போல ஒரு வழக்கமான பணியாக ஏற்கலாம். பயிற்சி வாரத்துக்கு இரண்டு முறை என்றால் முட்டுக்காட்டுக்குப் போய்வரும் செலவு அந்தத் தொகையைத் தின்றுவிடும். ஸகாத்தும் ஸதகாவும் அந்தப் பேருந்துக் கட்டணத்துக்குச் செல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. பழவேற்காடு ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலையிடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற ஏற்பாடு மீனவர் ஊர்களில் தலைமுறைகளாக இருந்துவருகிறது. தண்ணீரையே முறைவைத்துப் பகிரத் தெரிந்த கரைக்கு, ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் காலை மூன்று மணி நேரத்தை ஏழு வீடுகள் முறைவைத்துப் பகிர்வது கடினமானதாக இராது. அப்பிள்ளைக்கு எந்த வீடு பிடிக்கிறது, யாருடைய குரல் பிடிக்கவில்லை என்பதை அவனிடமே கேட்டறிய வேண்டும். அவன் சொல்லால் சொல்லாவிட்டாலும், கையை இழுத்துச் சொல்வான். காதைப் பொத்திச் சொல்வான்.

ஹப்பான் (ரலி) நெடுங்காலம் வாழ்ந்தார். உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்திலும் அவர் கடைத்தெருவில் பொருள் வாங்கினார். வீட்டார் விலையைக் கேட்டுக் கடிந்துகொள்ள, திருப்பிக் கொடுக்கப் போனார். மக்கள் பெருகிவிட்ட அக்காலத்தில் வணிகருக்கு அவரைத் தெரியவில்லை. பொருளைத் திரும்ப வாங்க மறுத்தனர். அப்போது அவ்வழியே செல்லும் தோழர்களுள் ஒருவர் நின்று, இவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு, நபியவர்களே அதை அளித்தார்கள் என்று சாட்சி சொல்வார். வணிகர் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்.